யார் படம், யார் பேர்: லோலா ஆல்வாரெஸ் பிராவோவின் புகைப்படங்களை முன்வைத்து

யலாலாக், மெக்சிகோவின் தெற்கே வஹாகா மாநிலத்து மலைகளுக்குள் இருக்கிற ஒரு ஊர். ஸபோதெக் பூர்வகுடிகளின் ஊர். 1946ல் அங்கே ஒரு சாவு விழுந்தது. அடக்கத்துக்குப் போகிற கூட்டத்தை லோலா ஆல்வாரெஸ் பிராவோ படம் எடுத்தார். தலைப்பு, 'யலாலாக்கில் ஓர் அடக்கம்'. செத்தவர் ஆணா பெண்ணா, கிழமா குழந்தையா, எதையும் தலைப்பு சொல்லாது. படத்தில் நமக்குக் கிடைப்பது தலையோடு சேர்த்து வெள்ளைத் துணி போர்த்திய பெண்களின் முதுகுகள். மடிப்பு மடிப்பாக வெள்ளை. நம்மைப் பார்க்கிற முகம் ஒன்றுமில்லை. அவர்கள் அந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் இந்தப் பக்கம் நிற்கிறோம்.

மெக்சிகோ நவீனக் கலை பற்றிய புத்தகங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற படம் இது. வடிவ நேர்த்தி, ஒளியின் தாளம், மரணத்தின் மௌனம் என்றெல்லாம் எழுதலாம்தான். எனக்கு முதல் தடவை பார்த்தபோது எரிச்சல் வந்தது. சரிதான், இங்கேயும் ஒரு சனம் மொத்தமா 'வடிவம்' ஆகிப்போச்சு, பேரும் இல்ல மூஞ்சியும் இல்ல என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பல வருஷம் கழித்து மறுபடியும் அதைத் திறக்க வேண்டி வந்தது. அந்த எரிச்சல் முழுக்கத் தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அது யார் மேல் வர வேண்டிய எரிச்சல் என்பதில் எனக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்திருக்கிறது. அதைப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், இவர் யாருடைய மனைவி என்று சொல்வது. நானும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சொந்தப் பேர் தொலோரெஸ் மார்த்தினெஸ் தெ ஆந்தா. 1903ல் ஹலிஸ்கோ மாநிலம் லாகோஸ் தெ மொரேனோ என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா இல்லாமல் போனார். அப்பாவோடு மெக்சிகோ நகரத்துக்கு வந்தார்; 1916ல் அப்பாவும் செத்துப்போனார். 1925ல் மானுவெல் ஆல்வாரெஸ் பிராவோவைக் கல்யாணம் செய்துகொண்டார். பின்னால் மெக்சிகோவின் மிகப் பெரிய புகைப்படக்காரர் என்று கொண்டாடப்பட்ட மானுவெல் அப்போது அரசாங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வேலை நிமித்தம் இருவரும் வஹாகாவுக்குப் போனார்கள். அங்கேதான் லோலா இருட்டறைக்குள் நுழைந்தது. மருந்து கலக்குவது, பிரிண்ட் போடுவது, அலசுவது, காயப்போடுவது. அளவு பார்த்து, நேரம் பார்த்து, சூடு பார்த்துச் செய்கிற வேலை. அடுப்படியில் பெண்கள் செய்கிற வேலைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கையெழுத்து மட்டும் வேறொருவர் போடுவார்.

கணவர் நோயில் படுத்தபோது அவர் ஒப்புக்கொண்டிருந்த வேலைகளை லோலா எடுத்துச் செய்தார். அப்படித்தான் காமிரா இவர் கைக்குப் பழகியது. 1934ல் இருவரும் பிரிந்தார்கள். 1927ல் பிறந்த மகன் இருந்தான். லோலா, மரியா இஸ்கியெர்தோ என்ற ஓவியரோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். இஸ்கியெர்தோவும் ஹலிஸ்கோக்காரிதான், அவரும் கணவரை விட்டு வந்தவர். பிரிந்த பிறகும் ஆல்வாரெஸ் பிராவோ என்ற பேரை லோலா ஏன் கடைசிவரை வைத்துக்கொண்டார் என்று கேட்கத் தோன்றும். எனக்கு அது பெரிய புதிராகப் படவில்லை. அந்தப் பேருக்குத்தான் வேலை வந்தது. சொந்தச் சம்பாத்தியத்தில் நிற்க வேண்டிய பெண்ணுக்குப் பேர் என்பது கடைப் பலகை மாதிரி. அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்ட அவகாசம் கிடையாது. ஆனாலும் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். பேர் விஷயத்தில் இவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. இவர் எடுத்த ஆட்களின் பேர்களைப் பற்றிக் கேட்கும்போது இதையும் மறக்கக் கூடாது.

இவருக்கு முன்னால் அதே நகரத்தில் காமிராவோடு திரிந்த இன்னொரு பெண் டினா மோதோத்தி. இத்தாலியில் உதினேயில் பிறந்து, சிறு வயதிலேயே துணி ஆலை வேலைக்குப் போய், அமெரிக்கா வழியாக 1923ல் எட்வர்ட் வெஸ்டனோடு மெக்சிகோ வந்தவர். கம்யூனிஸ்ட். 1930ல் ஜனாதிபதியைக் கொல்ல முயன்ற வழக்கில் சந்தேகப்பட்டு நாடு கடத்தினார்கள். போகும்போது அவருடைய காமிரா ஆல்வாரெஸ் பிராவோ தம்பதியின் கைக்கு வந்தது. மோதோத்தி ஆலையில் நின்றவர். தொழிலாளியின் கையைப் படம் எடுத்தபோது அந்தக் கை அவருக்கு அந்நியமில்லை. லோலா அப்படியில்லை. வசதியான வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்தவர். இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு இருவரையும் ஒரே 'ஏழைகளின் கலைஞர்' பட்டியலில் சேர்ப்பது சோம்பேறித்தனம்.

இறங்கி வந்த தெரு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண் பத்திரிகைக்காரர்கள் கூட்டத்தில் பெரிய காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரே பெண் தான்தான் என்றும், அவர்கள் சிரித்தார்கள் என்றும், அந்தச் சிரிப்பே தன்னைச் சண்டைக்காரியாக்கியது என்றும் வயதான காலத்தில் லோலா சொல்லியிருக்கிறார். எனக்கு இதைப் படிக்கும்போது சந்தோஷமாகவே இருந்தது. சண்டைக்காரி என்ற சொல்லை ஒரு பெண் தனக்குத்தானே சூட்டிக்கொள்வது எளிதல்ல.

1930களின் நடுவில் இவருக்கு வேலை கிடைத்தது 'கிராமப்புற ஆசிரியர்' என்ற பத்திரிகையில். 1932 முதல் மெக்சிகோ கல்வி அமைச்சகம் நடத்திய பத்திரிகை. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் லோலாவின் பார்வை உருவானது இந்தச் சம்பளத்தில்தான்.

1910ல் தொடங்கிய புரட்சி பத்து வருஷம் ஓடி ஓய்ந்த பிறகு, புதிய அரசு தனக்கென்று ஒரு முகம் தேடியது. ஐரோப்பிய முகம் உதவாது. பூர்வகுடி முகம் வேண்டும். வாஸ்கொன்செலோஸ் கல்வி அமைச்சராக இருந்த 1921–24 காலத்தில் அரசாங்கச் சுவர்களை ரிவேராவுக்கும் ஒரோஸ்கோவுக்கும் திறந்துவிட்டார்கள். சுவரெல்லாம் மாநிறத்து உழவர்கள், பானை சுமக்கும் பெண்கள். நானூறு வருஷம் மிதிபட்ட சனம் ஒரே இரவில் தேசத்தின் அடையாளம். இதற்கு 'இந்தியவாதம்' என்று பேர். அங்கே பூர்வகுடிகளை 'இந்தியர்' என்பார்கள், நம்மோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் சுவரில் கொண்டாடிய அதே அரசு, பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளுடைய மொழியை ஓரங்கட்டி ஸ்பானிஷ் ஊட்டியது. உன் சட்டை அழகு, உன் பானை அழகு, உன் நடனம் அழகு. நீ மட்டும் எங்களை மாதிரி மாறிவிடு. இந்தியவாதம் என்பதை இப்படித்தான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இதை வெறும் நாடகம் என்று தள்ளவும் முடியாது. கார்தெனாஸ் ஜனாதிபதியாக இருந்த 1934–40ல் ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேர் நிலம் உழவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்தப் பத்திரிகை யாருக்காக அச்சானதோ அந்தக் கிராமத்து வாத்தியார்கள் நிலப் பங்கீட்டைப் பற்றியும் பேசினார்கள். அதற்காக அடிபட்டார்கள், சிலருடைய காதுகளை அறுத்தார்கள், சிலரைக் கொன்றார்கள். லோலாவின் படங்கள் போய்ச் சேர்ந்தது அவர்கள் கைக்கு. அதனால் அரசாங்கச் சம்பளத்தில் எடுத்த படம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனசில்லை. சம்பளமும் உண்மை, அறுபட்ட காதும் உண்மை.

'ஏழைகளின் கனவு' என்ற தலைப்பில் லோலாவுக்கு இரண்டு படைப்புகள் இருக்கின்றன. முதலாவது 1935ல் செய்தது. ஒட்டுப்படம், பல போட்டோக்களை வெட்டி ஒட்டி மறுபடி படமெடுப்பது. அந்த முறையை மெக்சிகோவில் ஆரம்பத்திலேயே கையாண்டவர்களில் இவர் முக்கியமானவர். ஏழைக் குழந்தை ஒன்று தூங்குகிறது, அதன் மேலே நாணயங்களும் இயந்திரமும். பெண் ஓவியர்கள் செய்த புரட்சிச் சுவரொட்டிகளின் கண்காட்சியில், இஸ்கியெர்தோவும் பங்கெடுத்த கண்காட்சியில், இது வைக்கப்பட்டது. சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லுகிறது. பணம் ஏழையின் தலைமேல் இயந்திரமாக நிற்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறோம். அடுத்த சுவரொட்டிக்குப் போகிறோம்.

இரண்டாவது 1949. இதில் வெட்டலும் இல்லை ஒட்டலும் இல்லை. செருப்புக் குவியலுக்கு நடுவே ஒரு பையன் தூங்குகிறான். அவ்வளவுதான் படம். தோல் வார்ச் செருப்புகள், விற்பனைக்கு வைத்தவை. அந்தச் செருப்புகளின் நெருக்கத்திலேயே தூங்குமளவுக்கு அந்த இடம் அவனுக்குப் பழகியிருக்கிறது. தூக்கத்தில் அவன் உடம்பும் சரக்கோடு சரக்காகக் கிடக்கிறது. முதல் படத்தில் வறுமை என்பது தலைக்கு மேலே இருக்கிற ஒரு இயந்திரம். இரண்டாவதில் அது தோல் வாடை அடிக்கிற ஒரு படுக்கை. செருப்புக் குவியலைப் பார்த்ததும் தோல் வாடை ஏறாதவர்களும் இருப்பார்கள். அவர்கள் அதில் வடிவத்தைப் பார்க்கட்டும். எனக்கு வாடைதான் முதலில் வந்தது.

இரண்டாவது பல மடங்கு மேலான படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தலைப்பு? பதினாலு வருஷத்துக்கு முந்தைய அதே தலைப்பு. 'ஏழைகளின்' கனவாம். படுத்திருப்பது ஒரு பையன். அவனுக்கு ஒரு பேர் இருக்கிறது. அவன் கனவில் செருப்பு வந்திருக்கலாம், நாய்க்குட்டி வந்திருக்கலாம், கனவே வராமலும் இருந்திருக்கலாம். களைத்தவனுக்குக் கனவு வராது. அந்தப் பையனை எழுப்பாமலே அவன் தூக்கத்தை ஒரு வர்க்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். கண் பார்த்ததை வாய் கெடுத்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

இப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், ஒரு சின்னக் கதை உண்டு. என் அத்தை களத்துமேட்டுக்குக் கதிர்க்கட்டு சுமந்துகொண்டு போகும்போது வெளியூர்க்காரர் ஒருத்தர் படம் எடுத்துக்கொண்டு போனார். ரொம்ப நாள் கழித்து அது ஒரு காலண்டரில் வந்தது. அடியில் 'உழைப்பின் அழகு' என்று போட்டிருந்தது. காலண்டரை நான் கொண்டுபோய்க் காட்டினேன். அத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான்டா இருக்கு. எம்பேர எங்கடா காணோம்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு அளந்த கூலியில அரைப்படி கொறஞ்சுது, அது தெரியல பாரு இதுல" என்றாள். விமர்சனம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியங்களில் இவை இரண்டும் உண்டு. படம் நன்றாக இருக்கிறது என்பதை அவள் முதலில் சொன்னாள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

லோலாவின் படப்பெட்டியில் பேருள்ள ஆட்கள் இல்லாமல் இல்லை. 1982ல் 'மெக்சிகோவின் எழுத்தாளர்கள், கலைஞர்கள்' என்றே இவருடைய ஒரு புத்தகம் வந்தது. அதில் யாரும் 'சிந்தனை' இல்லை, யாரும் 'தனிமை' இல்லை. ஆளுக்கு ஆள் பேர். இதில் உச்சம் ஃப்ரிடா காலோவை எடுத்த படங்கள். 1944 வாக்கில் எடுத்தவை. கண்ணாடி முன் ஃப்ரிடா நிற்கிற படத்தில் இரண்டு ஃப்ரிடாக்கள் இருக்கிறார்கள். ஒருத்தி மற்றவளிடம் ஏதோ கேட்க வந்தவள் மாதிரி. சிநேகிதிக்குச் சிநேகிதி காட்டுகிற முகம் அது. மற்றவர்கள் எடுத்த ஃப்ரிடா படங்களில் உள்ள விறைப்பு இதில் கிடையாது.

1953 ஏப்ரலில், மெக்சிகோ நகரத்தில் லோலா நடத்திவந்த கலைக்கூடத்தில் ஃப்ரிடாவின் ஓவியக் கண்காட்சி நடந்தது. உலகம் முழுக்கப் பேரெடுத்த அந்த ஓவியருக்குச் சொந்த நாட்டில் நடந்த முதல் தனிக் கண்காட்சி அதுதான். உயிரோடிருக்கும்போது நடந்த கடைசியும் அதுவே. எழுந்து நடக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டிலைக் கொண்டுபோய்க் கூடத்தில் போட்டார்கள். ஆம்புலன்சில் வந்து அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு வந்தவர்களோடு ஃப்ரிடா பேசினார். அந்த வருஷமே காலை எடுத்தார்கள், 1954 ஜூலையில் செத்துப்போனார். ரிவேராவின் மனைவி என்றே அறியப்பட்ட ஒரு பெண்ணுக்கு, மானுவெலின் மனைவி என்றே அறியப்பட்ட ஒரு பெண் இடம் போட்டுக் கொடுத்தார். 1945ல் இஸ்கியெர்தோவுக்குக் கிடைத்த சுவரோவிய வேலை, அவருக்கு அனுபவம் போதாது என்று ரிவேராவும் சிகெய்ரோஸும் சொன்னதால் பறிபோயிருந்தது. புரட்சி பேசிய இரண்டு பெரிய மனிதர்கள்! அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லோலாவின் கூடம் எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

இனிதான் எனக்கு உறுத்துகிற இடம். படங்களில் ஃப்ரிடா அடிக்கடி உடுத்தியிருப்பது தெஹுவானா உடை. தெஹுவாந்தெபெக் பக்கத்து ஸபோதெக் பெண்களின் உடை. யலாலாக்கில் முதுகு காட்டிப் போகிறவர்களும் ஸபோதெக் பெண்கள்தான். அவர்கள் மலைப்பக்கம், இவர்கள் தாழ்வாரம். உடையை ஃப்ரிடா போட்டால் அது ஃப்ரிடாவின் படம். அந்த உடைக்குச் சொந்தக்காரி போட்டால் அது 'தெஹுவானா'வின் படம். ஃப்ரிடாவின் தாய்வழியில் வஹாகா ரத்தமும் பூர்வகுடி ரத்தமும் உண்டு என்பது எனக்குத் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் துணி ஒருத்தியிடம் இருக்கும்போது இனத்தின் அடையாளம், இன்னொருத்தியிடம் போனதும் ஆளுமையின் அடையாளம் ஆகிறதே, அது எப்படி? இதற்கு ஃப்ரிடாவையும் லோலாவையும் மட்டும் கூண்டில் ஏற்றிப் பயனில்லை. அந்தக் காலத்து நகரத்துப் பெண் கலைஞர்கள் பலர் அப்படி உடுத்தினார்கள். சுவரில் ரிவேரா செய்ததை இவர்கள் உடம்பில் செய்தார்கள்.

லோலாவின் இன்னொரு புகழ்பெற்ற படம் 1950 வாக்கில் எடுத்தது. சன்னலில் கை ஊன்றி ஒரு பெண் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெயில் நேரம். எங்கிருந்தோ விழுகிற நிழல்கள் அவள் மேலும் சுவர் மேலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுகின்றன, கம்பி மாதிரி. அற்புதமாக எடுத்திருக்கிறார். நிழல் நகர்ந்தால் படம் போச்சு. அந்த நேரம் பார்த்து அங்கே நிற்க வேண்டும். தலைப்பு என்ன தெரியுமா? 'தன் சொந்தச் சிறையில்'. எனக்கு இங்கேயும் அதே சண்டைதான். சிறை அவளுக்குச் சொந்தம் என்று யார் சொன்னது? கட்டினவன் எவனோ, பூட்டினவன் எவனோ. படத்தைப் பார்த்தால் நிழல் வெளியிலிருந்து அவள் மேல் விழுகிறது. தலைப்பைப் படித்தால் அவளே உள்ளேயிருந்து பின்னிக்கொண்டது போலத் தோன்றுகிறது. லோலா தன்னையே நினைத்து வைத்த தலைப்பாகவும் இருக்கலாம் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். இருக்கலாம். அப்படியானால் அது இன்னும் வருத்தம்.

'தலைமுறை தலைமுறையாக' என்ற படத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதுகு காட்டி நிற்கிற தாய், நீண்ட பின்னல்கள். அவள் தோளுக்கு மேலே குழந்தையின் முகம் நம்மைப் பார்க்கிறது. தலைப்பு இல்லாவிட்டால் அந்தக் குழந்தை நம்மிடம் ஏதோ கேட்கும். தலைப்பு வந்ததும் அது வம்சமாகிவிடுகிறது.

ஆக இவருடைய தலைப்புகளை எல்லாம் ஒரு பக்கம் கழற்றி வைத்துவிட்டுப் படங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். அப்போதுதான் முதுகுகள் கண்ணில் பட்டன. தாய் முதுகு காட்டுகிறாள். அடக்கத்துக்குப் போகிறவர்கள் முதுகு காட்டுகிறார்கள். செருப்புக்கடைப் பையன் கண் மூடியிருக்கிறான். ஏழைகளிடம் காமிரா வழக்கமாக வாங்குகிற ஒன்றை, 'இந்தா, என் கண்ணைப் பாரு, பரிதாபப்படு' என்கிற முகத்தை, லோலா இந்தப் படங்களில் வாங்கவில்லை. அவர் காலத்தில் ஹூகோ ப்ரெமெ மாதிரி ஆட்கள் எடுத்த அழகு மெக்சிகோ, கள்ளிச்செடியும் எரிமலையும் பெரிய தொப்பியும் போட்ட மெக்சிகோ, தபால் அட்டைகளாக விற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சந்தைக்கு முதுகு விற்காது.

அந்தக் கால காமிரா வேலை செய்கிற விதமும் இதில் சேரும். மோதோத்தி பயன்படுத்திய க்ராஃப்ளெக்ஸ் ஒரு பெரிய பெட்டி. வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மேலே நீட்டியிருக்கிற தோல் கூண்டுக்குள் முகத்தைக் கவிழ்த்து, கண்ணாடியில் விழுகிற பிம்பத்தைப் பார்க்க வேண்டும். துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே தூக்கிக் குறிபார்க்கிற கருவி அல்ல. அந்த மாதிரிப் பெட்டியில் படம் எடுக்கிறவர் தலை குனிந்து நிற்பார். காமிரா தலை குனிய வைத்ததாலேயே அடக்கம் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அப்படியொரு பெட்டியில் தொழில் படித்த கைக்குப் பாய்ந்து போய்ப் பிடுங்குகிற பழக்கம் குறைவாக இருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

சாவு வீட்டில் முன்னால் போய் நின்று முகத்தை எடுப்பது எவ்வளவு சுலபம் என்று நமக்குத் தெரியும். அழுகிற வாய், விரித்த தலைமுடி. எத்தனை பத்திரிகையில் எத்தனை முறை பார்த்தாகிவிட்டது. யலாலாக்கில் லோலா பின்னாலேயே நின்றுவிட்டார். கூட்டத்தோடு போகிறவர் நிற்கிற இடம் அது. கடைசி ஆளாக, தள்ளி. என் முதல் எரிச்சலில் நான் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

எடுக்கிறவர் அந்தச் சனத்தில் பிறந்தவராக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் அவ்வளவு லேசில்லை. பெருவில் மார்ட்டின் சாம்பி இருந்தார். 1891ல் பிறந்து 1973ல் மறைந்தவர். கெச்சுவா பேசிய பூர்வகுடிக் குடும்பம். குஸ்கோ நகரத்தில் ஸ்டூடியோ வைத்து, நிலப்பிரபுவின் கல்யாணத்தையும் எடுத்தார், கந்தல் சட்டைக்காரரையும் எடுத்தார். அவரும் மிக உயரமான ஒரு ஏழை உழவரை எடுத்துவிட்டு 'பாருரோவின் ராட்சசன்' என்றுதான் உலகத்துக்குக் கொடுத்தார். பழக்கம் அப்படி ஊறிப்போயிருக்கிறது. ஆனால் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. மெக்சிகோவின் சியாபாஸில் 1990களில் மரூச் சாந்தீஸ் கோமெஸ் என்ற இளம் ஸோட்ஸில் பெண் காமிராவைக் கையில் எடுத்தபோது அவர் ஆளையே விட்டுவிட்டு வீட்டுச் சாமான்களை எடுத்தார். துடைப்பம் மாதிரி, கூடை மாதிரி அன்றாடம் கை படுகிற பொருள்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்கிற நம்பிக்கையைத் தன் மொழியிலேயே எழுதி வைத்தார். தலைப்பை யார் வைப்பது என்ற என் சண்டை அங்கே எழவே இல்லை.

லோலா 1993ல், தொண்ணூறு வயதில் காலமானார். கடைசி வருஷங்களில் பார்வை போய்விட்டது. அவருடைய நெகட்டிவ்களும் பிரிண்டுகளும் பெருமளவு இப்போது அமெரிக்காவில், அரிசோனாவின் டூசான் நகரத்துப் பல்கலைக்கழகக் காப்பகம் ஒன்றில் இருக்கின்றன. யலாலாக் சனமும் எல்லை தாண்டிப் போனது. லாஸ் ஏஞ்சல்ஸில் யலாலாக்காரர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அங்கேயும் ஊர்த் திருவிழாவை பேண்டு வாத்தியத்தோடும் நடனத்தோடும் நடத்துகிறார்கள்.

என் அத்தையின் காலண்டர் படத்திலும் முகம் தெரியாது. கதிர்க்கட்டு முகத்தை மறைத்திருந்தது. நான் காட்டுவதற்கு முன்னாலேயே தெருவில் இரண்டு பேர் அதைப் பார்த்து அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்று ஒருத்தியைக் கேட்டேன். "நடையப் பாத்தா தெரியாதா? சேலையத் தூக்கிச் செருகியிருக்கா பாரு, அவதான்" என்றாள். யலாலாக் படத்தில் வலது ஓரமோ இடது ஓரமோ, ஏதோ ஒரு முதுகைப் பார்த்து, இது இன்னார் வீட்டுக் கிழவி, இது இன்னாருடைய மருமகள் என்று சொல்லக் கூடியவர்கள் 1946ல் அந்த ஊர் முழுக்க இருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் இன்றும் ஒருவர் இருவர் இருக்கலாம். அந்தப் படம் பேரில்லாத படமாக இருப்பது எனக்கும், புத்தகம் எழுதினவருக்கும், அதை வாங்கினவருக்கும்தான்.